தத்துவமும் தவணையும்

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்லும் சாலையிலே, கடன் என்ற சொல்லை அறியாத வீடு ஒன்றைக் காண்பது அரிது. லாரி வாங்கியவர் தவணை கட்டுகிறார். கோழிப்பண்ணை வைத்தவர் தீவனக் கணக்கைத் தீர்க்கக் கடன் தேடுகிறார். திருச்செங்கோட்டிலே ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியைக் கடனில் எடுத்து, மாநிலம் மாநிலமாக ஓட்டி, அந்தக் கடனை அடைக்கிறார்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக் கூடத்துக்குள் நுழையும் தொழிலாளி, தறியிலே கை வைப்பதற்கு முன்பே முன்பணத்துக்குக் கை நீட்டுகிறான். அந்த முன்பணம் தீரும் வரையிலே தறியும் அவனை விடுவதில்லை, தறிக்காரரும் விடுவதில்லை.

இப்படிப்பட்ட சமவெளியிலே, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய இளைஞன் ஒருவன் திண்ணையிலே அமர்ந்து, "நான் தத்துவம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் என்ன நடக்கும்? தாய் விழிப்பாள். மாமன் சிரிப்பார். தந்தை மட்டும் சிரிக்கமாட்டார், கணக்குப் போடுவார். "அதைப் படித்தால் என்ன சம்பளம் வரும், சாமி?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வியை நாம் எள்ளி நகையாட மாட்டோம். வயிறு காய்ந்தவன் கேட்கும் கேள்விக்கு வயிறு நிறைந்தவன் சொல்லும் விடைதான் பெரும்பாலும் பொய்யாக இருக்கிறது. "கல்வி காசுக்காக அல்ல" என்று மேடையிலே முழங்குவோர் பலர், காசு உள்ள வீட்டிலே பிறந்தவர்கள். லாரி கடனில் வந்தாலும் ஓடிச் சம்பாதித்துக் கொடுக்கும். தறி கடனில் வந்தாலும் துணி தரும். கடன் வாங்கிப் படித்த தத்துவம் என்ன தரும்? நேர்மையான கேள்வி! ஆனால் அரைக் கேள்வி. தத்துவம் படித்தவன் என்ன சம்பாதிப்பான் என்று கேட்கும் நாம், இதுவரை தத்துவம் படித்தவர்களுக்குச் சோறு போட்டது யார் என்றும் கேட்டாக வேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்கு வரலாற்று ஏட்டிலே விடை இருக்கிறது. புரட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

*

விழுப்புரம் மாவட்டத்திலே எண்ணாயிரம் என்றோர் ஊர். அங்குள்ள கோயிலிலே முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்த ஊரிலே நடந்த ஒரு கல்லூரியின் வரவு செலவுக் கணக்கு அது. மாணவர்கள் 340 பேர். அவர்களிலே 270 பேர் இளநிலை மாணவர். வேதங்களும் தொடக்க இலக்கணமும் ஓதியவர்கள். எஞ்சிய 70 பேர் மேல்நிலை மாணவர். அந்த 70 பேரிலே 25 பேர் வியாகரணம் கற்றனர். 35 பேர் பிரபாகர மீமாம்சை கற்றனர். 10 பேர் வேதாந்தம் கற்றனர். மீமாம்சையும் வேதாந்தமும் இன்றைய கல்லூரி வழக்கிலே தத்துவப் பாடங்கள். ஆக, நாற்பத்தைந்து தத்துவ மாணவர்கள்!

அவர்கள் கட்டணம் கட்டினார்களா? இல்லை. கடன் வாங்கினார்களா? இல்லை. இளநிலை மாணவனுக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரு நாழி. அதாவது பத்து நாழி நெல். தத்துவம் கற்றவனுக்குப் படி குறையவில்லை, கூடியது! பொன்னும் தனியே அளிக்கப்பட்டது. ஆசிரியர்களுக்கும் நெல்லும் பொன்னும் கிடைத்தன. இத்தனைக்கும் வருவாய் எங்கிருந்து வந்தது? 45 வேலி நிலம் இதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

சற்றே நின்று எண்ணிப் பார்ப்போம். நாற்பத்தைந்து வேலி நிலம் தானாக உழுதுகொள்ளாது. நாற்று தானாக நடவுக்குப் போகாது. ஏர் பிடித்தவன் ஒருவன். சேற்றிலே நின்றவள் ஒருத்தி. களத்திலே நெல்லை அளந்து கொடுத்துவிட்டுப் பதரோடு வீடு திரும்பியவர் பலர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த 340 இடங்களிலே ஓர் இடம் உண்டா? வேதம் ஓதும் உரிமை பிறப்பிலேயே பூட்டி வைக்கப்பட்டிருந்த காலம் அது. உழுதவன் நெல்லை விளைவித்தான். ஓதியவன் உண்டு, உலகம் மாயை என்று வாதிட்டான்! மாயையான உலகத்திலே நெல் மட்டும் மெய்யாக இருந்தது போலும்.

இதிலிருந்து நாம் பெறும் முதல் உண்மை இது: தத்துவம் வருமானமற்ற படிப்பு என்பது என்றைக்கும் இருந்த இயற்கை விதி அன்று. சமுதாயம் அதற்குச் சோறு போட்ட காலம் உண்டு. அந்தச் சோறு யாருக்குப் போடப்பட்டது என்பதிலேதான் அநீதி இருந்தது.

*

இந்நாட்டு வைதீகத்துக்கு மட்டுமே உரிய கதையா இது? அயல்நாட்டிலே தத்துவம் கற்ற ஏழையின் நிலை என்னவாக இருந்தது? தறிக்காரர் நிறைந்த நம் குமாரபாளையத்துத் தோழர்களுக்கு ஒரு தறிக்காரர் மகனின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

செருமானிய நாட்டிலே, சாக்சனி மாநிலத்து ராம்மெனவ் என்ற சிற்றூரில், 1762-ஆம் ஆண்டு நாடா நெய்யும் தொழிலாளி ஒருவருக்கு மகன் பிறந்தான். யோகான் காட்லீப் பிக்டே என்பது பெயர். பையனின் நினைவாற்றலைக் கண்டு வியந்த பிரபு ஒருவர் படிக்க வைத்தார். பிரபு விரைவிலேயே இறந்தார். பிறகு பல்கலைக்கழகம் சென்ற பிக்டே, பணமின்மையால் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். பணக்கார வீடுகளிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வயிறு கழுவினார்.

1791-ல் அவர் கோனிக்ஸ்பர்க் நகரத்துக்குப் பயணமானார். அங்கே இருந்தவர், அக்காலத்தின் ஈடிணையற்ற தத்துவ மேதை இம்மானுவேல் காண்ட். மேதையிடம் தம் அறிவைக் காட்டவேண்டும் என்பதற்காகச் சில வாரங்களிலே ஒரு நூலையே எழுதி முடித்தார் பிக்டே. அதற்குள் கையிருப்பு கரைந்தது. ஊர் திரும்பவும் காசில்லை. வேறு வழி? காண்ட்டிடமே கடன் கேட்டார்!

காண்ட் கடன் கொடுக்கவில்லை. ஆனால் அந்த நூலை அச்சிட ஒரு வெளியீட்டாளரைக் காட்டிக் கொடுத்தார். 1792-ல் நூல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. படித்தவர்கள் அதைக் காண்ட்டின் நூல் என்றே எண்ணினார்கள். எழுதியது பிக்டே என்று காண்ட் அறிவித்ததும் அவர் புகழ் பரவிற்று. 1794-ல் யேனா பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் ஆனார். 1799-ல், நாத்திகம் பேசுகிறார் என்ற குற்றச்சாட்டின் காரணமாக அந்தப் பதவியையும் இழந்தார்! கேள்வி கேட்பவனுக்கு உலகம் தரும் ஊதியம் எப்படி இருக்கிறது, பார்த்தீர்களா?

கடன் கொடுக்காத காண்ட்டை நாம் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அவரும் ஏழை வீட்டுப் பிள்ளையே. குதிரைச் சேணம் செய்பவரின் மகன். அவரும் வீடு வீடாகச் சென்று பாடம் சொன்னவரே. 1755 முதல் 1770 வரை பதினைந்து ஆண்டுகள், பல்கலைக்கழகம் ஊதியம் தராத விரிவுரையாளராக, மாணவர் தரும் கட்டணத்தை நம்பியே வாழ்ந்தவர். கடனைவிடக் கைத்தொழிலுக்கு வழி காட்டுவதே உதவி என்று அவர் எண்ணியிருக்கலாம். எப்படியாயினும், பிக்டேயின் மேதைமை வென்றது என்று மகிழும் நாம், அதே ஆண்டுகளிலே பாதி வழியில் படிப்பை விட்டுத் தறிக்கே திரும்பிய ஆயிரம் பிள்ளைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

*

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியிலே பல்கலைக்கழகம் வந்தது. பிறப்பால் பூட்டிய கதவு சற்றே திறந்தது. ஆனால் அதே கதவிலே கட்டணம் என்ற புதிய பூட்டு தொங்கிற்று.

திருத்தணியிலே 1888-ல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருட்டிணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே தத்துவம் பயின்றதன் காரணம் பலருக்குத் தெரியாது. எளிய குடும்பம், புத்தகம் வாங்கப் பணம் போதாது. அதே கல்லூரியிலே படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். பாடம் எது என்பதை அந்தப் பழைய புத்தகங்களே முடிவு செய்தன! பின்னாளில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்திலே பேராசிரியராகி, 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசின் தலைவராக வீற்றிருந்தவரின் தத்துவப் பயணம், இலவசமாகக் கிடைத்த புத்தகக் கட்டிலே தொடங்கிற்று. அவர் வேதாந்தத்திலே கண்ட முடிவுகளோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பணமில்லாத மாணவன் எந்தப் பாடத்தைப் படிப்பது என்பதை விலையே தீர்மானிக்கிறது என்ற உண்மைக்கு அவர் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அவருக்காவது உதவித்தொகை கிடைத்தது. பிறப்பு குறுக்கே நிற்கவில்லை. பிறப்பும் பணமும் சேர்ந்து குறுக்கே நின்ற ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பொருளியல் அவருடைய முதன்மைப் பாடம். அதனோடு சமூகவியல், வரலாறு, மானிடவியல், தத்துவம் ஆகியவற்றையும் பயின்றார். தத்துவப் பேராசிரியர் சான் டூயி அவருடைய ஆசிரியர். செலவுக்கு என்ன வழி? பரோடா மன்னர் மூன்றாண்டுகளுக்கு, திங்கள் ஒன்றுக்கு பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை வழங்கினார். நல்ல உள்ளம் படைத்த மன்னர், ஐயமில்லை. ஆனால் உதவியோடு ஒப்பந்தமும் இருந்தது: படித்து முடித்துத் திரும்பியதும் பத்தாண்டுகள் பரோடா அரசிலே பணியாற்ற வேண்டும்!

1917-ல் திரும்பினார், ஒப்பந்தப்படி பரோடாவுக்குச் சென்றார், மன்னரின் இராணுவச் செயலாளர் ஆனார். கொலம்பியாவிலே கற்றவருக்குப் பரோடாவிலே தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றிலே தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடியோடு வந்து அவரை வெளியேற்றினார்கள். அலுவலகத்திலோ, சேவகர்கள் கோப்புகளைத் தொலைவிலிருந்தே எறிந்தார்கள். பத்தாண்டு ஒப்பந்தம் சில நாட்களிலேயே முறிந்தது. பம்பாய்க்குத் திரும்பியவர் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார், கணக்கெழுதினார், முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். ஆலோசனை சொல்பவரின் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் நின்றனர். 1918-ல் சிடன்ஹாம் கல்லூரியிலே பேராசிரியர் வேலை கிடைத்தது. பாதியில் விட்டு வந்த இலண்டன் படிப்பை முடிக்க 1920-ல் மீண்டும் கப்பல் ஏறியபோது, சேமிப்போடு கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும், பார்சி நண்பர் ஒருவரிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடனும் துணை நின்றன.

கடன் கணக்கை மட்டும் பார்ப்பவன் என்ன சொல்வான்? "இத்தனை படித்தும் வேலை இல்லை; நட்டம்" என்பான். ஆனால் அந்தப் படிப்பின் வரவுப் பக்கத்தைப் பாருங்கள். டூயியிடம் கற்ற மாணவர் 1936-ல் சாதி ஒழிப்பைப் பற்றிய உரையை எழுதினார். உரையாற்ற அழைத்தவர்களே அஞ்சிப் பின்வாங்கினார்கள். அவர் தாமே அச்சிட்டு வெளியிட்டார். ஈரோட்டிலிருந்து வந்த 'குடி அரசு' அதைத் தமிழிலே தந்தது. இந்த வருமானத்தை எந்த வங்கியின் பேரேட்டிலே எழுதுவது? படித்தவன் பையிலே விழுந்த காசு மட்டுமா படிப்பின் வருவாய்? ஊரே நிமிர்ந்தால் அதற்கு ஊதியச் சீட்டு யார் கொடுப்பது?

பட்டறிவு வீண் போகவில்லை. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவிலே உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-ல், தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குப் பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. திருப்பிக் கட்ட வேண்டாத பணம்! ஒப்பந்தத்திலும் கடனிலும் உழன்ற ஒருவர் வாழ்ந்த தலைமுறை அடுத்த தலைமுறைக்கு வைத்துச் சென்ற சொத்து அது.

*

அதே 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ல் சேலத்திலே கூடிய மாநாட்டிலேதான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆயிற்று. வெள்ளையர் தந்த பட்டங்களைத் துறப்பது என்று அண்ணாவின் தீர்மானம் நிறைவேறிற்று. சர், ராவ்பகதூர் என்ற பட்டங்களைத் துறக்கச் சொன்ன அதே மக்கள், பி.ஏ., எம்.ஏ. என்ற பட்டங்களைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கேட்டார்கள். முரண்பாடா? இல்லை. முன்னது அடிமைக்குச் சூட்டிய அணி; பின்னது அடிமைத்தளையை அறுக்கும் அரம்.

சேலத்திலே கல்லூரி புதிதன்று. 1857-ல் பள்ளியாகத் தோன்றி, 1879-ல் கல்லூரியாக உயர்ந்தது இன்றைய சேலம் அரசு கலைக் கல்லூரி. நாமக்கல்லுக்கோ 1969-ல்தான் அறிஞர் அண்ணா பெயரிலே அரசு கலைக் கல்லூரி வந்தது. இரண்டுக்கும் இடையே தொண்ணூறு ஆண்டுகள்! ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவைக் கடக்கக் கல்லூரிக்குத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

அதன் பின்னர் வேகம் கூடிற்று. 1997-ல் சேலத்திலே பெரியார் பெயரால் பல்கலைக்கழகம் எழுந்தது. 2007-08 கல்வியாண்டிலே அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப் படிப்புக்கான கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டது. 2010-11-ல் முதுநிலைக்கும் நீக்கப்பட்டது. அரசுப் பள்ளியிலே பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. எண்ணாயிரத்திலே அளந்த ஆறு நாழி நெல் நினைவுக்கு வருகிறதா? ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு மாணவனுக்குப் படி அளக்கும் வழக்கம் மீண்டும் வந்திருக்கிறது. இம்முறை உழுதவன் பிள்ளைக்கு! இந்த ஒரு மாற்றத்துக்காக எத்தனை மாநாடுகள், எத்தனை சிறைவாசங்கள், எத்தனை ஆட்சி மாற்றங்கள்!

*

ஆனால் ஒரு கதவு திறந்த காலத்திலேயே மற்றொரு கதவிலே புதிய பூட்டுக்காரர் வந்து நின்றார். அவர் கையிலே இருந்த சாவியின் பெயர் கல்விக்கடன்.

2001-ல் இந்திய வங்கிகளின் சங்கம் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வகுத்தது. நான்கு லட்சம் ரூபாய் வரையில் ஈடு வேண்டாம். படிப்புக் காலத்திலும் அதன் பின்னர் ஓராண்டு வரையிலும், அல்லது வேலை கிடைத்து ஆறு திங்கள் வரையிலும், தவணை கட்ட வேண்டாம். ஏழைக்கு ஏணி என்றார்கள். ஏணி என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஏணியின் ஒவ்வொரு படிக்கும் வட்டி உண்டு. பெற்றோர் கூட்டுக் கடனாளிகளாகக் கையெழுத்திட வேண்டும். தறி முன்பணத்திலே ஏற்கெனவே கட்டுண்ட தந்தை, மகன் படிப்புக்காக இரண்டாவது கட்டிலும் கை கொடுக்கிறார்.

2009-10-ல் ஒன்றிய அரசு ஒரு சலுகை தந்தது. ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்து மாணவர்க்குப் படிப்புக் காலத்து வட்டியை அரசே ஏற்கும் என்றது. யாருக்கு? தொழிற்கல்வியும் தொழில்நுட்பக் கல்வியும் பயில்வோருக்கு! தத்துவம், வரலாறு, தமிழ் பயில்பவனுக்கு? அவனுடைய வட்டியை அவனே சுமக்க வேண்டியதுதான். சம்பளம் தரும் என்று நம்பப்பட்ட படிப்புக்கு வட்டிச் சலுகை; சம்பளம் தராது என்று எள்ளப்பட்ட படிப்புக்கு வட்டிச் சுமை! 2024 நவம்பரிலே ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், நிறுவனத்தின் தரத்தை அளவுகோலாகக் கொண்டது. அங்கும் முதலில் தரவரிசையிலே இடம்பெற்ற நிறுவனத்துக்குள் நுழைந்தாக வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். தமிழ்நாட்டிலே தத்துவத்தைப் பட்டப் படிப்பாகக் கற்பிக்கும் கல்லூரிகள் மிகச் சில. ஆகவே சேந்தமங்கலத்துப் பிள்ளை தத்துவம் பயில வேண்டுமானால் பெரும்பாலும் பெருநகருக்குத்தான் செல்லவேண்டும். கட்டணம் இல்லாத இடம் கிடைக்காவிட்டால், கல்லூரி, விடுதி, உணவு, பயணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு லட்சமாக மூன்று லட்சம் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து. நான்காம் ஆண்டு முடிவிலே, தனி வட்டிக் கணக்கின்படி, வட்டி மட்டும் 90,000 ரூபாய். கடன் 3,90,000 ஆகிவிட்டது. அதை ஏழாண்டுகளிலே அடைத்தால் திங்கள் தவணை ஏறத்தாழ 6,470 ரூபாய். மொத்தம் ஏறத்தாழ 5,44,000 ரூபாய். சுமை தாங்கவில்லை என்று பதினைந்து ஆண்டுகளாக நீட்டினால் தவணை ஏறத்தாழ 4,190 ஆகக் குறையும்; மொத்தமோ ஏழரை லட்சத்தைத் தாண்டும். மூன்று லட்சத்துப் படிப்பு, ஏழரை லட்சத்துக்கு!

வருவாய்ப் பக்கம் என்ன? தத்துவம் நம் பள்ளிகளிலே தனிப் பாடமாக வேரூன்றவில்லை. ஆகவே பள்ளி ஆசிரியர் வேலை என்ற வழி குறுகியது. முதுநிலையும் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றுக் கல்லூரிக்குச் சென்றால், நிரந்தரப் பணியிடத்துக்குக் காத்திருக்கும் காலத்திலே கிடைப்பது கௌரவ விரிவுரையாளர் பணி. பெயரிலே கௌரவம், பையிலே? பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் வகுத்த நெறி, ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், திங்களுக்கு 50,000 ரூபாய் வரையில் என்றது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளிலே அத்தொகை 20,000 ரூபாயாக இருந்து, பின்னர் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு திங்கள்! இருபத்தையாயிரத்திலே கால் பங்கைத் தவணை விழுங்கினால், எஞ்சியதிலே வாடகையும் பாலும் மருந்தும் போக, சிந்தனைக்கு என்ன மிஞ்சும்? காண்ட் பதினைந்து ஆண்டுகள் ஊதியமில்லாமல் உழைத்தது 18-ஆம் நூற்றாண்டிலே. 21-ஆம் நூற்றாண்டிலும் அந்தப் பெருமையை நாம் தொடர வேண்டுமா?

"அதனால்தான் பொறியியல் படி என்கிறோம்" என்பார் மாமன். நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் அந்த நம்பிக்கையின் மேல்தான் வளர்ந்தன. விடியற்காலை முதல் இரவு வரையில் மதிப்பெண் மந்திரம் ஓதிய பிள்ளைகள்! 2017-ல் தமிழக அரசு பொதுத்தேர்விலே முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் முறையைக் கைவிட்டது. ஆயினும், கடன் வாங்கிப் பொறியியல் பயின்றவர்களெல்லாம் கரை சேர்ந்தார்களா? வேலை கிடைக்காத பொறியாளர்களின் நிலுவைக் கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு வங்கி விற்றதும், வசூல்காரர்கள் வாசலுக்கு வந்ததும் 2010-களிலே தமிழ்நாடு கண்ட காட்சிகள் அல்லவா? சம்பளம் தரும் என்று சத்தியம் செய்த படிப்பும் கைவிட்டது. ஆக, பழி பாடத்தின்மேல் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை அடகுப் பொருளாக்கிய முறையின்மேல் இருக்கிறது.

உலகம் இதற்கு என்ன விடை கண்டது? அமெரிக்காவிலே கல்விக்கடன் 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசு முயன்றபோது, 2023-ல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. இங்கிலாந்திலே 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுன் என்று தொடங்கிய கட்டணத்தின் உச்சவரம்பு 2012-ல் 9,000 பவுன் ஆயிற்று. பிக்டே பிறந்த செருமானியிலும் 2006-க்குப் பின் சில மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ என்று கட்டணம் விதித்தன. மாணவர் எதிர்த்தனர், மக்கள் வாக்குச்சாவடியிலே பேசினர், 2014-க்குள் எல்லா மாநிலங்களும் அதை நீக்கிவிட்டன. ஆக, கட்டணம் விதி அல்ல, அரசியல் முடிவு. போட்டதை எடுக்கலாம்!

*

தோழர்களே! கடனுக்கும் தத்துவத்துக்கும் உள்ள பகை வெறும் பணப் பகை அன்று. தத்துவம் என்பது "ஏன்?" என்று கேட்கும் பழக்கம். தவணை என்பது "எப்போது?" என்று கேட்கும் குரல். ஐந்தாம் தேதி தவணை கட்ட வேண்டியவன், முதலாளி செய்யும் அநீதியை முதல் தேதியிலே எதிர்த்துக் கேட்பானா? முன்பணம் வாங்கிய தறித்தொழிலாளி கூலி உயர்வு கேட்க ஏன் தயங்குகிறான் என்று பள்ளிபாளையத்திலே கேட்டுப் பாருங்கள், விடை கிடைக்கும். அன்று பிறப்பைக் காட்டிக் கேள்வியைத் தடுத்தார்கள். இன்று தடுக்க வேண்டிய தேவையே இல்லை. கடன் பத்திரத்திலே கையெழுத்து வாங்கினால் போதும், கேட்பவன் தானே அடங்குவான்.

ஆகவே, அந்தத் திண்ணையிலே அமர்ந்திருக்கும் இளைஞனுக்கு நாம் சொல்வது இது. தத்துவம் படி, தயங்காதே. ஆனால் அதற்காகக் கடன் வாங்காதே. கட்டணமில்லாத அரசுக் கல்லூரியிலே இடம் தேடு. உதவித்தொகை உன் உரிமை, கேட்டு வாங்கு. பட்டம் போதும் என்ற அரசுத் தேர்வுகள் உண்டு. குடிமைப் பணித் தேர்விலே தத்துவம் விருப்பப் பாடமாகவும் உண்டு. சட்டப் படிப்பின் வாயிலும் உனக்குத் திறந்திருக்கிறது. பெருஞ்செல்வம் வரும் என்று பொய்யுரைக்க மாட்டோம். வாழ வழியே இல்லை என்று அச்சுறுத்தவும் மாட்டோம். உன் ஊர்க் கல்லூரியிலே அந்தப் பாடம் இல்லையா? கேள்! ஐம்பது பேர் சேர்ந்து மனுக் கொடுங்கள். துறை வேண்டும், ஆசிரியர் வேண்டும், ஆசிரியருக்கு முழு ஊதியம் வேண்டும் என்று கேளுங்கள். கட்டண ஒழிப்பு வானத்திலிருந்து விழவில்லை, கேட்டதால் வந்தது.

அந்தத் தந்தைக்கும் ஒரு சொல். "என்ன சம்பளம் வரும்?" என்று கேட்டீர்கள், ஐயா, நியாயம். ஆனால் எண்ணாயிரத்திலே நாற்பத்தைந்து பேர் உட்கார்ந்து தத்துவம் பேச உங்கள் பாட்டன் நெல் அளந்தான். ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் கணக்கு உங்கள் குடும்பத்துக்கு வரவாகவே நிற்கிறது. உங்கள் மகன் கேட்பது கடன் அல்ல. பாக்கி!